மாடியிலருந்து வர்ற தண்ணி

வயித்தெரிச்சல்னா இன்னான்னு யாருக்காவது தெரியணும்னா என்னாண்ட வரட்டும், சொல்றேன். எனக்கு அது வயித்துல ஆரம்பிக்காது, காதுல ஆரம்பிக்கும். மாடியில எங்க அம்மு சிரிக்கிற சத்தம் கேட்டா போதும், கீய நான் ஆஞ்சுகினு கீற மீனு அப்டியே கையில நின்னுடும். நான் பெத்த பொண்ணு, மூணாங்கிளாஸ் படிக்குது. என் ஓர்ப்படி வூட்ல இன்னாத்துக்கு அப்டி சிரிக்கணும்? அங்க ஒரு மீன் டேங்க்கு கீது, அதும் முன்னாடி குந்திகினு சிரிக்குது. எங்க வூட்லயும் டேங்க்கு கீது, அத்தவிட பெருசு. ஆனா அதும் முன்னாடி யாரும் குந்தறதில்ல.

கல்மண்டபத்துல எங்க வூடு. கீய நானும் எங்க ஆளு ராமதாசும். மேல அவரு தம்பி டில்லிபாபுவும் அவன் பொண்டாட்டி மகிழினியும். எங்க ஆளு விசைப்படகுல டிரைவரு, கடலுக்குப் போனா திரும்பி வர்ற வரைக்கும் நம்ம பாடு தனிப்பாடு. நான் காசிமேட்ல ஏலம் எடுத்து மார்க்கெட்ல மீன் விக்கிறவ. மகி வியாசர்பாடி பொண்ணு, ஒரு லேப்ல ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை. டில்லி லவ் பண்ணி இட்டாந்தான். இவ இன்னா ஆளுங்க, நம்ம இன்னா ஆளுங்கன்னு சொந்தக்காரங்க மொத்தமும் மூஞ்ச தூக்கிகினு நின்னப்போ, வாசல்ல ஆரத்தி சுத்தினது நான் ஒருத்திதான். அத்த நானும் மறக்கல, அவளும் மறக்கல. அதனாலதான் எனக்கு இன்னும் ஜாஸ்தியா எரிஞ்சுது.

டேங்க்கு வந்த கதைய சொல்லிடறேன். போன மீன்பிடி தடைக்காலத்துல எங்க ஆளு படகு ஓட்டாம வூட்ல சொம்மா குந்திகினு இருந்தாரு. அப்போ ஒருநாளு அம்மு அவராண்ட வந்து, "ஏம்ப்பா நம்ம வூட்டுக்கு வர்ற மீனெல்லாம் செத்தே வருது?"ன்னு கேட்டுச்சு. மனுசன் ஆடிப் பூட்டாரு. மறுநாளே கொளத்தூருக்குப் போயி கண்ணாடித் தொட்டி, பம்பு, லைட்டு, கல்லு எல்லாம் ஆட்டோல ஏத்திகினு வந்தாரு. தடை முடிஞ்சு மொத தபா கடலுக்குப் போனப்போ, கரையே தெரியாத எடத்துலருந்து கேன் கேனா தண்ணி கொண்டாந்து ரொப்பினாரு. கல்லு மேல ஒட்டிகினு பூ மாதிரி விரியுமே, பவளம், அதுவும் வந்துச்சு. அது செடி இல்ல, உசுரு. கடைசியா ஆரஞ்சு கலர்ல வெள்ளை பட்டை போட்ட மீனு ஒண்ணு வந்துச்சு. அம்மு அதுக்கு கேசரின்னு பேரு வெச்சுது. மொதமொதலா நம்ம வூட்டுக்கு ஒரு மீனு உசுரோட வந்துச்சுன்னு எனக்கே குஜாலா இருந்துச்சு. தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு.

அத்தப் பாத்துட்டுதான் மகியும் ஒண்ணு வெச்சா. எல்லாம் என்னாண்ட கேட்டுத்தான் வெச்சா. எத்தினி லைட்டு, எந்த கல்லு, பம்பு எந்த பக்கம், அக்கா அக்கான்னு என் பின்னாடியே சுத்தினா. ஆனா தண்ணி விசயத்துல மட்டும் என் பேச்ச கேக்கல. குடிக்கிற தண்ணிக்கு வாங்கி மாட்டின ஆர்.ஓ. மிஷின்லருந்து தண்ணி புடிச்சு, டேங்க்குக்குன்னே டப்பால விக்கிற உப்ப வாங்கி அதுல கரைச்சு, அவளே கடல் தண்ணி தயார் பண்ணா. நான் இந்தக் கூத்த மார்க்கெட்ல சொல்லி, பக்கத்துக் கடை கெங்கம்மாவும் நானும் கண்ணுல தண்ணி வர்ற மட்டும் சிரிச்சோம். கடல எதிர்ல வெச்சுகினு காசு குடுத்து உப்பு வாங்குறாளே, இவ கடக்கரை வூட்ல எப்டி குப்பை கொட்டுவான்னு கெங்கம்மா கேட்டா. நான் நல்லா சிரிச்சேன்.

அப்பாலதான் என் டேங்க்குல பாசி வந்துச்சு.

மொதல்ல கல்லு மேல லேசா பச்சை. ஷோக்கா கீதேன்னு வுட்டுட்டேன். அப்பால அது முடியா மொளைச்சுது. நீட்டு நீட்டா, கொழகொழன்னு, பம்பு தண்ணி அடிக்கிற பக்கமெல்லாம் ஆடிகினு. பழைய டூத் பிரஷ்ஷால தேச்சேன், கைய வுட்டு கொத்து கொத்தா புடுங்கினேன். புடுங்கின எடத்துலயே மறுபடி வந்துச்சு. பவளத்த மூடிச்சு, அது விரியாம சுருங்கிப் போச்சு. கண்ணாடியில படிஞ்சு உள்ள இன்னா கீதுன்னே தெரியல. வலையில சிக்குன உசுரு நத்தைங்கள கொண்டாந்து வுட்டேன், பாசிய துன்னும்னு. அதுங்க பாசிய துன்னல, உள்ளயே செத்து நாறிச்சு. வூட்டுக்குள்ள நொழஞ்சாலே ஒரு கலீஜு வாடை. மீன்காரி வூட்ல மீன் வாடை அடிச்சா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. இது வேற வாடை.

மேல மகி டேங்க்குல தண்ணி கீதா இல்லியான்னே தெரியாது, அப்டி பளிச்சுன்னு கீது. அவளும் ஒரு ஆரஞ்சு மீனு வாங்கி வுட்டிருந்தா. அதுக்கும் அம்முதான் பேரு வெச்சுது, பூந்தி. ஸ்கூல் வுட்டு வந்தா பைய என் தலைமேல போடாத கொறையா போட்டுட்டு மேல ஓடிடும். அங்கதான் வூட்டுப்பாடம், அங்கதான் நாஸ்தா. கீய வந்தா சித்தி இப்டி சொல்லிச்சு, சித்தி அப்டி சொல்லிச்சு. ஒருநாளு நான் தலை சீவி வுடறப்போ, சித்தி சீவினா வலிக்காதும்மான்னுச்சு. சீப்ப வீசி அடிச்சேன். அது அழுதுச்சு, அழுதுகினே எங்க போச்சுன்னு நெனைக்கிறீங்க? மேலதான்.

அவ கெட்டவளா இருந்தா எனக்கு சுளுவா இருந்திருக்கும். கெட்டவ இல்ல, அதான் பேஜாரு. ஒருநாளு அவளா கீய எறங்கி வந்தா, லேப்ல கீற மாதிரி ஒரு சின்ன கண்ணாடிக் குழாய எடுத்துகினு. என் டேங்க்கு தண்ணிய அதுல புடிச்சு, மருந்து சொட்டு வுட்டு ஆட்டி, வெளிச்சத்துல காட்டினா. கலரு கருஞ்செவப்பா மாறிச்சு. பாசிக்கு தீனி இந்த தண்ணியிலயே கீதுக்கா, கரையோரத் தண்ணி வேணாம், எறாவும் கொஞ்சம் கொறைச்சுப் போடுங்கன்னு மெதுவாத்தான் சொன்னா. எறான்னா, நான் விக்கிற எறாவுலருந்து தெனம் ஒரு கை பொடியா நறுக்கிப் போடுவேன். மீன்காரி வூட்டு மீனு பட்டினி கெடக்கலாமா? கேசரி துன்னது போக மிச்சம் கல்லு சந்துல கெடக்கும், கெடந்துட்டுப் போவட்டும்னு வுட்டுடுவேன்.

எனக்கு எங்கருந்து வந்துச்சோ அப்டி ஒரு கோவம். நாலு தலைமொறையா கடல்ல கெடக்குற குடும்பம், எனக்கு கடல் தண்ணி கெட்டதுன்னு சொல்ல வந்துட்டா பாருன்னு.

"உங்க வியாசர்பாடியில கடல் எந்தத் தெருவுலடி கீது?"ன்னு கேட்டுட்டேன்.

அவ குழாய கழுவி எடுத்துகினு மேல பூட்டா. நான் அன்னிக்கே ஃபைபர் படகு வெச்சிருக்கிற தவசிமுத்துவுக்கு போன் போட்டு இன்னும் கேன் கொண்டாரச் சொன்னேன். எங்க ஆளு ட்ரிப்பு நீண்டு போனதுலருந்து அவன்தான் எனக்கு தண்ணி கொண்டாந்து குடுத்துகினு இருந்தான். பாதி டேங்க்க எறைச்சு ஊத்திட்டு புது தண்ணி ரொப்பினேன். இவளுக்கு கடல்னா இன்னான்னு காட்டறேன் பாருன்னு.

அடுத்த வாரம் பாசி தண்ணி மட்டம் வரைக்கும் வந்துடுச்சு. ஒரு காலையில பாத்தா கேசரி மேலாக்க வந்து வாயத் தொறந்து தொறந்து மூடிகினு கீது. வலையில ஏத்தி தட்டுல கொட்டின மீனு அப்டித்தான் பண்ணும், நான் தெனம் பாக்குறது. அம்மு கண்ணாடியாண்ட நின்னு அழுவாம என்னப் பாத்துச்சு.

"அம்மா, கேசரிய சித்தி டேங்க்குல வுட்டுடலாம்மா. இங்க அது செத்துடும்."

என் மூஞ்சில அடிச்சா கூட தாங்கியிருப்பேன். ஆனா பொண்ணு சொன்னது நெசம். மீன் விக்கிற பேசன்ல டேங்க்கு தண்ணிய மொண்டு, கேசரிய அதுல வுட்டு, நானே தூக்கிகினு மாடி ஏறினேன். இத்தினி வருசமா அந்த பேசன்ல மீன் தூக்கிகினு எத்தினி படி ஏறியிருப்பேன், எல்லாம் விக்கத்தான். இப்டி குடுக்கப் போனதில்ல.

மகி கதவத் தொறந்தா, பேசனப் பாத்தா. உள்ள போயி சின்ன வலை ஒண்ணு எடுத்துகினு வந்தா. மீன மட்டும் வலையில எடுத்துக்கறேங்க்கா, இந்த தண்ணி உள்ள வேணாம்னா. பாசி ஒட்டிகினு வந்துடும்னுதான் சொன்னா, அது எனக்குத் தெரியும். ஆனா தோத்துப் போயி படி ஏறி வந்தவ காதுல அது வேற மாதிரி வுயுந்துச்சு.

"இன்னா, என் வூட்டு தண்ணி உன் வூட்ல படக்கூடாதா?"

சொன்னப்புறம்தான் அது இன்னா வார்த்தைன்னு ஒறைச்சுது. மகி கையில வலை அப்டியே நின்னுச்சு. அவ மூஞ்சியில கோவம் இல்ல, அழுகை இல்ல. ரொம்ப நாளா தெரிஞ்ச ஒண்ண திரும்பப் பாத்த மாதிரி என்னப் பாத்தா. "அந்த வார்த்தைய எங்க வூட்ல வெளையாட்டுக்கு கூட சொல்லமாட்டோம்க்கா. எங்கம்மா அத்த நெறைய கேட்டுட்டாங்க"ன்னா. வலைய ஓரமா வெச்சுட்டு, என் கையிலருந்து பேசன வாங்கி, மீனு தண்ணி எல்லாத்தையும் சேத்து அவ டேங்க்குல சாச்சுட்டா. அந்த தண்ணியில பச்சையா ஒரு நூலு மெதந்து கல்லாண்ட போச்சு. நான் பாத்தேன். சொல்லல.

அதுலருந்து என் வாய் அடைஞ்சு போச்சு, ஆனா வயிறு அடங்கல. கொஞ்ச நாளு கழிச்சு துணி காயப்போட மாடிக்குப் போனவ, ஜன்னல் வழியா பாக்குறேன், மகி டேங்க்குக்குள்ள கைய வுட்டு பிரஷ்ஷால கல்ல தேச்சுகினு கீறா. அவ கல்லு மேலயும் பச்சை. எனக்கு சந்தோசமா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், நல்லாவே சந்தோசமா இருந்துச்சு. பக்கத்துல எங்க அம்மு டம்ளர் புடிச்சுகினு நிக்குது, புடுங்கின பாசிய அதுல போட. பாசி எங்கருந்து வந்துச்சு சித்தின்னு அது கேட்டுச்சு. தெரியலடா, எங்கருந்தோ வந்துச்சுன்னு அவ சொன்னா. எனக்கு அந்த சந்தோசம் படி எறங்குறதுக்குள்ள செத்துப் போச்சு.

மறுநாளு ஏலம் முடிஞ்சதும் நேரா கடையாண்ட போவாம, தவசிமுத்து எங்க தண்ணி புடிக்கிறான்னு பாக்கப் போனேன். அவன் ஆழத்துக்கு எங்க போறான், கரையில அலைக்கு கொட்டி வெச்சிருக்குற பாறாங்கல்லாண்ட படக நிறுத்திட்டு, அங்கயே கேன முக்கிகினு இருந்தான். பக்கத்துல கால்வாத் தண்ணி கறுப்பா வந்து கடல்ல சேருது. அந்தத் தண்ணிய நான் என் கடை மீனு மேல தெளிக்க மாட்டேன். தெளிச்சா கெங்கம்மாவே என்ன காறித் துப்புவா. அவன திட்டவும் முடியல, கடல் தண்ணி கொண்டான்னுதான் சொன்னேன், எந்த எடத்து தண்ணின்னு நான் கேக்கவே இல்ல. கடல் நம்முதுன்னு நெனப்பு, அத்த போயி கேப்பாங்களா? குனிஞ்சு பாத்தேன். அந்த பாறாங்கல்லு முச்சூடும் நீட்டு நீட்டா பச்சை முடி. தொட்டுப் பாத்தேன், கொழகொழன்னு கீது. தெனம் காலையில நான் கைய வுட்டு புடுங்குறதுதான் அது.

அன்னிக்கே கொளத்தூர் போயி உப்பு டப்பா வாங்கினேன். பஸ்ஸ வுட்டு எறங்கி மார்க்கெட் வழியா வர்றேன், கெங்கம்மா பாத்துட்டா. இன்னா குணா, கடல் வத்திப் போச்சான்னு கேட்டு அவ சிரிச்ச சிரிப்புல நாலு கடை திரும்பிப் பாத்துச்சு. ஆமாக்கா, வத்திப் போச்சுன்னு சொல்லிகினே வந்துட்டேன். தண்ணிக்கு மகியாண்ட நேரா போயி கேக்க வாய் வரல. அம்மு கையில கேன குடுத்து அனுப்பினேன். ரெண்டு நிமிசத்துல மேலருந்து மிஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சு. எதுக்கு, ஏன்னு ஒரு வார்த்தை கேட்டு அனுப்பல அவ.

கல்ல ஒண்ணொண்ணா வெளிய எடுத்து தேச்சேன். எறா போடறத நிறுத்தினேன். வெயில் வுயுற ஜன்னல்ல எங்க ஆளு பழைய லுங்கிய கட்டினேன். வாரா வாரம் கொஞ்சம் தண்ணி எறைச்சுட்டு, மேலருந்து வந்த தண்ணியில உப்பு கரைச்சு ஊத்தினேன். புரட்டாசி போச்சு, ஐப்பசியும் போச்சு. பாசி மெதுவா வெளுத்து, கையால தொட்டாலே பிஞ்சு வந்துச்சு. அப்பால வரவே இல்ல. ஒருநாளு செத்துப் போச்சுன்னு நான் நெனச்ச பவளம் ஓரமா விரிஞ்சு நின்னுச்சு. மகி குழாய எடுத்துகினு கீய வந்து டெஸ்ட் பண்ணா, தண்ணி கலரு மாறவே இல்ல. சிரிச்சுகினே, கேசரிய இட்டாந்துடலாம்க்கான்னா.

ஆனா அதுக்குள்ள கேசரியும் பூந்தியும் ஜோடி சேந்துடுச்சு. ஒண்ண வுட்டு ஒண்ணு நகராது. இந்த வகை மீனு ஜோடி சேந்துட்டா பிரிக்கக் கூடாது, அதுல பெருசு எதுவோ அதுதான் பொம்பளைன்னு மகி சொன்னா. பெருசு கேசரிதான். என் வூட்டு எறா துன்னு வளந்ததாச்சே. கேசரி அங்கயே இருந்துட்டுப் போவட்டும்னு நான் வாயெடுக்குறதுக்குள்ள மகி ரெண்டையும் பேசன்ல எடுத்துகினு வந்துட்டா. அம்மு டேங்க்குதானேக்கா, அம்முவோடயே இருக்கட்டும்னா.

ரெண்டையும் வுட்டதும் அதுங்க பவளத்தாண்ட போயி ஒண்டிகினு ஆடிச்சு. அம்மு கண்ணாடியில மூக்க ஒட்டிகினு, "அம்மா, நம்ம டேங்க்குதாம்மா சூப்பரு"ன்னுச்சு. எத்தினி நாளா இந்த ஒரு வார்த்தைக்கு நான் செத்துகினு இருந்தேன். ஜெயிச்சுட்டோம்னு திரும்பினா, வாசப்படியில மகி காலி பேசன புடிச்சுகினு நிக்கிறா. அவ மீனப் பாக்கல. அம்முவ பாத்துகினு கீறா. "நாளைக்கு மேல வருவியா அம்மு?"ன்னு கேட்டா. அம்மு காதுல வுயல. அவ மறுபடி கேக்காம படி ஏறிப் பூட்டா. அந்த மூஞ்ச எனக்கு நல்லா தெரியும். இத்தினி மாசமா பாசி படிஞ்ச கண்ணாடியில நான் பாத்துகினு இருந்த மூஞ்சிதான் அது.

அந்த வாரம் மேல சத்தமே இல்ல. மொத ரெண்டு நாளு எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அப்பால மகி வேலைய வுட்டு வர்ற நேரம் பாத்தா, எங்க வூட்டு வாசல்ல வந்து செருப்ப ரொம்ப நேரமா கழட்டுவா. வெங்காயம் கீதாக்கான்னு கேப்பா. உள்ள அம்மு மீனாண்ட பேசுற சத்தத்த கேட்டுட்டு மேல போவா. அவ வூட்ல வெங்காயம் கீதுன்னு எனக்குத் தெரியும், நான்தான் காலையில மார்க்கெட்லருந்து வாங்கியாந்து குடுத்தேன்.

எங்க ஆளு கடல்லருந்து வந்து டேங்க்க பாத்துட்டு மெர்சலாயிட்டாரு. நமக்கும் சொந்தமா ஒரு ஆர்.ஓ. மிஷின் வாங்கிடலாம், சொம்மா சொம்மா மாடி ஏறி தண்ணி கேட்டுகினு இருக்க வேணாம்னாரு. வேணாம்னுட்டேன். நீயா சொல்றன்னு என் நெத்திய தொட்டுப் பாத்தாரு. அப்ப பெரிய கேனாவது வாங்கு, கொயந்தை வாரத்துக்கு ஒரு தபா போனா போதும்னாரு. அதுவும் வேணாம், சின்ன கேனே போதும், தெனம் போவட்டும், தண்ணி மேலருந்தே வரட்டும்னுட்டேன்.

இப்போ ஸ்கூல் வுட்டு வந்ததும் அம்மு சின்ன கேன எடுத்துகினு மேல ஓடுது. கொஞ்ச நேரத்துல சிரிப்பு சத்தம் கேக்குது. எனக்கு எரியலன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, காது ரெண்டும் பத்திகினுதான் எரியுது. ஆஞ்சுகினு கீற மீன கீய வெச்சுட்டு, "அம்மு, தண்ணி ரொம்பிச்சா?"ன்னு கொரல் குடுப்பேன். "இன்னும் இல்லம்மா"ன்னு மேலருந்து பதில் வரும். சரி, மெதுவா வான்னு சொல்லிட்டு மறுபடி மீன எடுப்பேன். அந்த மிஷின்ல தண்ணி சொட்டு சொட்டாத்தான் வரும்.